ஒத்துழைக்காதவர் என்று எழுதப்பட்ட இருதயம்மாள்

சர்க்கரை அளக்கும் வில்லையைக் கையில் ஒட்டிக்கொள்ள யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது, முதலில் கையை நீட்டியவர் என் அக்கா இருதயம்மாள்தான். ராயபுரத்தில் எங்கள் கோயிலை ஒட்டிய கூடத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டம் அது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளை வில்லை. அதன் நடுவே தலைமுடி போன்ற ஓர் இழை. மேல்கையின் பின்புறத்தில் ஒட்டினால் இழை தோலுக்குள் இறங்கி, இரவும் பகலும் சர்க்கரையை அளந்து கைப்பேசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிய வில்லையைச் செலவில்லாமல் தருவோம், இனி விரலைக் குத்தவே வேண்டாம் என்று நிறுவனத்தின் களப்பணியாளர் கீர்த்தி விளக்கினார்.

கூடத்தில் யாரும் அசையவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரான கருவாட்டு வியாபாரி ஜானட், அக்காவின் காதில் சொன்னது பின்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.

"இத்த ஒட்டிக்கினா நம்ம எங்க போறோம், இன்னா துண்றோம்னு எல்லாம் அவுங்களுக்குத் தெரிஞ்சிருமாம்க்கா. அப்பால ரேஷன நிறுத்திருவாங்கோ."

"ஆமாடி, நீ நெத்திலிக் கருவாடு துண்ற விசயம் டெல்லிக்குத் தெரிஞ்சி, அங்க எல்லாரும் பேஜாராயிகினு கீறாங்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனார். ரவிக்கையின் கையை மேலே சுருட்டினார். "எந்தக் கை வோணும் பாப்பா? இந்தா."

அந்த நிறுவனத்தின் பதிவில் இன்று அவர் பெயருக்கு நேரே, 'ஒத்துழைப்பு இல்லை. தொடர விருப்பமில்லை' என்று இருக்கிறது. பதிவின் நகல் என்னிடம் உள்ளது. வில்லைகள் வந்த பெட்டிகள், மருந்தின் அளவை மாற்றி எழுதிய சீட்டுகள், கைப்பேசித் திரையைப் படமெடுத்து அச்சிட்ட தாள்கள் ஆகியவையும் உள்ளன. அவற்றை எவரும் கேட்டுப் பார்க்கவில்லை. எனவே அக்காவைப் பற்றி நானே எழுதத் தொடங்கினேன். அவர் மருமகள் ஷைனி இதற்குச் சம்மதித்தாள். அக்கா மட்டும் ஒரு நிபந்தனை விதித்தார்: "கத மாரி எய்தினா எய்திக்க, சாலமன். ஆபீஸ்ல குடுக்கற மாரி எய்தாத."

அக்காவுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. எங்கள் தந்தை துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தாய் மீன் விற்றவர். தாயின் அன்னக்கூடையை அக்கா பதினாறு வயதில் தலையில் ஏற்றினார். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் நடந்தே விற்பார். சந்தையில் இடம் பிடித்து உட்கார்ந்து விற்பதில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. உட்கார்ந்திருப்பவளிடம் வாங்குகிறவர்கள் பேரம் பேசுவார்கள், வாசலுக்கு வந்தவளிடம் வீட்டுக் கதை பேசுவார்கள், கதை பேசிய பிறகு பேரம் பேச வாய் வராது என்பது அவர் கண்ட உண்மை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா எந்த வீட்டுக்கு வேண்டும், எந்த வீட்டில் சனிக்கிழமை மீன் எடுக்க மாட்டார்கள், எந்த வீட்டு மாமனாருக்கு முள் இல்லாத மீன் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கணவர் விசைப்படகில் தொழில் பார்த்தவர். மகன் ரஞ்சித் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். அதன் பிறகு அந்தக் குடும்பம் நடந்தது அக்காவின் கால்களில்தான். கால் நின்றால் கடை நின்றது.

சர்க்கரை நோய் அவருக்கு நெடுங்காலமாக உண்டு. காலையிலும் மாலையிலும் இன்சுலின் போட்டுக்கொள்வார். பாதங்களில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அவர் வீட்டுக்குள் நடந்துவந்த வழியெல்லாம் சிமெண்ட் தரையில் சிவப்புத் தடம் விழுந்திருப்பதை ஷைனி பார்த்தாள். வலது பெருவிரலுக்குக் கீழே கெளுத்தி முள் ஒன்று ஏறி முறிந்திருந்தது. ஏலக்கூடத்தில் ஏறியது, வண்ணாரப்பேட்டை முழுவதும் கூடவே நடந்து வந்திருக்கிறது.

"கெளுத்தி முள்ளு ஏறுனா ஆம்பளையே அலறுவான். ஒனக்குத் தெரியலியாக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏறுச்சா, செருப்புக்கு ஏறுச்சான்னு நான் இன்னாத்தக் கண்டேன்" என்றார்.

முள்ளை எடுத்த பிறகும் புண் ஆறவில்லை. அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்ட மருத்துவர் தெளிவாகவே சொன்னார். சர்க்கரை இறங்கினால் கால் தப்பும். இறங்காவிட்டால் விரல்களோடு முன்பாதத்தையும் எடுக்க வேண்டி வரும். அதைக் கேட்ட வாரத்தில்தான் கோயில் கூடத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. அக்கா கையை நீட்டியதற்குக் காரணம் இதுவே. அவருக்குக் கருவி வேண்டியிருக்கவில்லை, கால் வேண்டியிருந்தது.

வில்லையை இடது கையில் ஒட்டினார்கள். வலது கை வேலை செய்யும் கை, அதில் ஒட்டினால் கழன்றுவிடும் என்று கீர்த்தி கூறினார். அது நியாயமான காரணம். கைப்பேசி ஷைனியுடையது. ரஞ்சித் கடலுக்குப் போனால் வாரம் கழித்தே கரைக்கு வருவான் என்பதால், அக்காவின் சர்க்கரையைக் காவல் காக்கும் பொறுப்பு ஷைனியிடம் வந்தது. எழுபதுக்குக் கீழே இறங்கினால் கைப்பேசி கூவும், கூவினால் உடனே தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சொன்னதை இரண்டு முறை அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்து, அதன் பிறகே அனுப்பினார்கள்.

முதல் சில நாள்கள் வீட்டில் கொண்டாட்டமாகவே இருந்தது. இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, கேழ்வரகுக் கூழுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது அக்காவுக்கு வேடிக்கையாகிவிட்டது. ஏலக்கூடத்தில் இந்த வில்லையைக் காட்டிப் பெருமை பேசியதாகவும் கேள்விப்பட்டேன். "இன்னா இருதயம், கையில பொத்தான் வெச்சித் தச்சிட்டாங்களா?" என்று ஒருவர் கேட்க, "ஆமா நைனா, அமுக்கிப் பாரு, ஏலம் கூவும்" என்றாராம்.

பிறகு பிற்பகல்களில் கைப்பேசி கூவத் தொடங்கியது. இரவில் அக்கா ஏலக்கூடத்துக்குப் போய்விடுவதால், வில்லையும் கைப்பேசியும் ஒரே வீட்டில் இருப்பது பகலில்தான்.

முதல் முறை கூவியபோது நான் அங்கே இருந்தேன். அக்கா சாப்பிட்டுவிட்டுப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். அவர் படுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் விடியுமுன்பே ஏலம் தொடங்கிவிடும். படகு அணையும்வரை பெண்கள் ஏலக்கூடத்துத் தரையிலேயே சாய்ந்திருப்பார்கள். அன்று மீன் எடுப்பதற்கான பணம் சுருக்குப்பையில், இடுப்பின் இடப்பக்கம் செருகியிருக்கும். பை அடியில் இருக்கும்படி அந்தப் பக்கமாகவே ஒருக்களித்து, இடது கையை உடம்புக்குக் கீழே கொடுத்துப் படுத்தால் எவரும் அதை உருவ முடியாது. அக்கா வாழ்நாளெல்லாம் இப்படித்தான் உறங்கினார். வீட்டிலும் அப்படியேதான், பை இல்லாத நாளிலும் அப்படியேதான். வேறு பக்கம் திரும்பிப் படுத்தால் உறக்கம் வராது என்பார்.

கைப்பேசி கூவியதும் ஷைனி தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து ஓடினாள். திரையில் ஐம்பத்தெட்டு என்றிருந்தது.

"அத்த! அத்த, எய்ந்துரு! இத்தக் குடி!"

"இன்னாடி, இப்பதான கண்ண மூடுனேன்" என்று அக்கா எழுந்து உட்கார்ந்தார். வேர்க்கவில்லை, கை நடுங்கவில்லை, பேச்சுக் குழறவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் கீறேன்."

"நல்லா கீற மாரிதான் இருக்குமாம், அப்பால பொத்துனு உய்ந்துருவியாம். கீர்த்தி அக்கா சொல்லிக்கீறாங்க. குடி அத்த, எனக்கோசரம்."

அக்கா குடித்தார். சற்று நேரத்தில் திரையில் எண் ஏறியது. ஷைனி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் அன்று நிம்மதி தெரிந்தது.

அதன் பிறகு ஏறக்குறைய எல்லாப் பிற்பகலும் அதுவே நடந்தது. கூவியதும் ஷைனி ஓடுவாள். டம்ளர் முன்கூட்டியே தயாராக இருக்கும். சில நாள்களில் ஒரே உறக்கத்தில் இரண்டு முறை கூவும். இரண்டு முறையும் கொடுப்பாள். கொடுத்ததை மறைக்கவும் இல்லை. வில்லை மாற்ற வந்த கீர்த்தியிடம் சொன்னாள். நிறுவனத்தின் மருத்துவரிடம் அழைத்துப் போனபோது என் முன்னிலையிலேயே சொன்னாள். "கரெக்டா பண்ணீங்க, வெரிகுட்" என்று மருத்துவர் பாராட்டினார். பிற்பகலில் இவ்வளவு இறங்குகிறதே என்று, காலையில் போடும் இன்சுலினின் அளவைக் குறைத்து எழுதினார். அந்தச் சீட்டும் என்னிடம் இருக்கிறது.

மருந்து குறைந்தது. சர்க்கரைத் தண்ணீர் தொடர்ந்தது. மாலை ஆனால் எண் முந்நூறைத் தாண்டியது. காலின் புண் ஓரங்களில் கறுக்கத் தொடங்கியது.

அடுத்த சந்திப்பில் மருத்துவர் கணினியில் கோட்டைக் காட்டினார். அது கீழே விழுந்து, செங்குத்தாக எழுந்து, மறுபடியும் விழுந்து கிடந்தது.

"மலையும் பள்ளமுமா இருக்கு பாருங்க. பகல்ல பட்டினி கிடக்கறது, சாயங்காலம் திருட்டுத் தீனி. அம்மா, எங்கிட்ட மறைக்கலாம், மிஷின்கிட்ட மறைக்க முடியாது."

அக்காவை அதுவரை எவரும் அப்படிப் பேசியதில்லை. "திருட்டுத் தீனியா? என் வூட்ல நான் துண்றதுக்கு நான் இன்னாத்துக்கும்மா திருடணும்?" என்றார். "தெருவுல பஜ்ஜிக் கடையப் பாத்தா மூஞ்சத் திருப்பிகினு போறவ நான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று மருத்துவர் புன்னகையுடன் கூறினார். அவர் கெட்டவர் அல்லர். வெளியே வரிசை நின்றிருந்தது. அவருடைய அனுபவத்தில் பெரும்பாலோர் உண்மையாகவே மறைத்திருப்பார்கள். ஆனால் அந்த அறையில் உண்மை பேசிய ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அளந்து காட்ட எங்களுக்கு இருந்த ஒரே கருவி அந்த வில்லை. அதுவே எதிர்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

உணவு ஆலோசனைக்கு அனுப்பினார்கள். அங்கே இனிப்பு சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு அக்கா இல்லை என்றார். 'மறுக்கிறார்' என்று எழுதினார்கள். அதற்கடுத்த கூட்டத்தன்று அவருக்குப் புண்ணால் காய்ச்சல். ஷைனி கைப்பேசியில் அழைத்துச் சொன்னாள். எனினும் 'வரவில்லை' என்பது மட்டுமே பதிவாயிற்று. இருக்கிற வில்லையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கீர்த்தி தயங்கித் தயங்கித் தெரிவித்தார். கருவி குறைவாக உள்ளது, உண்மையான விருப்பம் உள்ளவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார்.

காய்ச்சல் ஏறியதால் அக்காவை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். கடைசி வில்லை கையிலேயே இருந்தது. ஷைனி துணைக்கு இருந்தாள். பகலில் நானும் போய் உட்கார்ந்திருப்பேன். காலை உயர்த்திக் கட்டியிருந்தார்கள், ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அக்கா மல்லாந்து மட்டுமே படுக்க முடியும். அப்படியே உறங்கிப் பழகினார். அங்கே ஒரு பிற்பகல்கூடக் கைப்பேசி கூவவில்லை. வீட்டில் சாப்பிட்டதில் பாதிகூட அவர் அங்கே சாப்பிடவில்லை. பட்டினி கிடந்தால் இறங்கும் என்றார்களே, இப்போது ஏன் இறங்கவில்லை என்ற கேள்வி எனக்கு எழுந்தது.

வில்லைப் பெட்டிக்குள் இருந்த ஆங்கில ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அகராதியின் உதவியோடு வரிவரியாகப் படித்தேன். பள்ளியை இடையில் விட்டுத் திருவொற்றியூரில் கடைசல் பட்டறைக்குப் போனவன் நான். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் இப்படிச் சேர்த்ததுதான். எழுத்து எறும்பைப் போல் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு வரி: உறங்கும்போது கருவியின் மீது உடம்பின் பாரம் அழுந்தினால், உண்மையில் உள்ளதைவிடக் குறைவான அளவைக் காட்டக்கூடும். அதற்கடுத்த வரி: உடலின் அறிகுறிகள் பொருந்தாவிட்டால் விரலில் குத்திச் சரிபார்க்கவும்.

அக்காவுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. அவர் தன் கையின் மேல் படுத்திருந்தார், அவ்வளவுதான்.

ஏட்டை எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போனேன். ஏதோ புதியதைக் கண்டுபிடித்துவிட்ட எண்ணம் எனக்கு. கீர்த்தி அந்த வரியைப் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

"தெரியும் சார். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ட்ரெய்னிங்ல எங்களுக்கு சொல்லியிருக்காங்க."

"அக்காவுக்குச் சொல்லலியேம்மா."

"எல்லாத்தையும் சொன்னா பயந்துடுவாங்க சார், ஒட்டிக்கவே மாட்டாங்க. அதனால முக்கியமானத மட்டும்..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. என்னிடம் இருந்த எந்தத் தாளையும் அதற்கு மேல் நான் எடுத்து வைக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. வலது காலின் ஐந்து விரல்களையும் முன்பாதத்தையும் எடுத்தார்கள். குதிகால் மிஞ்சியது. மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, அந்தக் காலுக்குச் செருப்பு எங்கே கிடைக்கும் என்பது.

வீட்டுக்கு வந்த பிறகு நான் கண்டதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லையோ என்று பலமுறை யோசித்துவிட்டேன். ஆனால் காரணத்தை அறியாமல் ஒரு மனிதர் காலை இழந்திருக்கக் கூடாது என்று அன்று எனக்குத் தோன்றியது. ஷைனி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முடித்ததும் வெளியே வந்தாள்.

"அப்ப நான் குடுத்ததுதானா மாமா?"

அக்கா குறுக்கே புகுந்தார்.

"நீ குடுத்த, நான் குடிச்சேன். குடிச்ச வாய வுட்டுட்டு குடுத்த கையப் புடிச்சிகினு பேசறீங்களே, இன்னா கதடா இது? போடி, போயி எனக்கு டீ போடு. சக்கர போடாத" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஷைனி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் சர்க்கரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அதை எடுக்கும் வேலையை ரஞ்சித் மட்டுமே செய்கிறான்.

பதிவையாவது திருத்தச் சொல்லலாம் என்று மறுபடியும் நிறுவனத்துக்குப் போனேன். மேலதிகாரி ஒருவர் பொறுமையாகக் கேட்டார். மறு ஆய்வு செய்யலாம், ஆனால் காரணம் எழுத்தில் வேண்டும் என்றார்.

"கருவி தவறாகக் காட்டியது என்று எழுதித் தருகிறேன்" என்றேன்.

"கருவி தப்புப் பண்ணல சார். அழுத்தினா அப்படித்தான் காட்டும்னு அதுலயே போட்டிருக்கு."

"விரலைக் குத்தவே வேண்டாம் என்றீர்கள். குத்திப் பார்க்க வீட்டில் கருவியும் இல்லை."

"பொதுவா வேண்டாம்னுதான் சார் சொன்னோம். அறிகுறி இல்லாதப்போ சர்க்கரை குடுத்தது பராமரிப்பாளரோட தவறுன்னுதான் இதுல வரும். அவங்க பேர், கையெழுத்தோட ஒரு லெட்டர் குடுத்துட்டீங்கன்னா அம்மா மேல இருக்கற ரிமார்க்க எடுத்துடலாம். திரும்பச் சேரவும் முடியும்."

அந்தக் கடிதத்தை நானே தயார் செய்தேன். எவ்வளவு கவனமாக எழுதினாலும் அது ஒரே இடத்தில்தான் போய் முடிந்தது: மருமகள் கொடுத்தாள். மருத்துவர் பாராட்டியதை ஒரு வரியில் சேர்த்தேன். அந்த வரியை நீக்கினால்தான் ஏற்பார்கள் என்று கீர்த்தி தனியாக அழைத்துச் சொன்னார். நீக்கினேன். ஷைனி படித்துப் பார்க்காமலேயே பேனாவைக் கேட்டாள்.

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இன்னா எய்தி கீது? படி."

படித்தேன்.

"நாளைக்கி இவ புள்ள படிச்சிப் பெரிய ஆளாவும். எங்கயோ ஒரு ஆபீஸ்ல இந்தத் தாளு கெடக்கும். ஒங்க ஆயா கால எடுத்தது ஒங்கம்மானு படிக்கும். வோணுமா அது?"

"அத்த, நெசந்தான அது."

"நெசம்னு எவ சொன்னா? நீ அந்த மிஷினு சொன்னத கேட்ட, மிஷினு நான் படுத்தத கேட்டுச்சி. என் படுக்கய மாத்தச் சொல்லி எவனாவது சொன்னானா? வுடு."

"அக்கா, ஒன்ன ஒத்துழைக்காதவள்னு எழுதி வெச்சிருக்காங்க" என்றேன்.

"என்னத் தெரிஞ்சவங்க அந்த ஆபீஸ்ல யாருடா கீறாங்க? எய்தினா எய்திட்டுப் போறான்."

கடிதத்தை உறையில் போட்டு வைத்தேன். கிழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா இப்போது தெருமுனையில் உட்கார்ந்து மீன் விற்கிறார். மீனை ஏலத்தில் வேறொரு பெண் எடுத்து வந்து கொடுக்கிறார். வாங்குகிறவர்கள் பேரம் பேசுகிறார்கள். வண்ணாரப்பேட்டை வீடுகளிலிருந்து ஒருசிலர் தேடி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களும் வரவில்லை. உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் இறங்குவதால், அந்தக் குதிகாலில் வெடிப்பு விட்டிருக்கிறது. காலையும் மாலையும் ஷைனி அதைக் கழுவித் துடைத்து மருந்து வைக்கிறாள்.

இந்த ஆண்டு ஈஸ்டர் முடிந்த பிறகு, கீர்த்தி எங்கள் தெருவுக்கு மீண்டும் வந்தார். திட்டத்தின் அடுத்த கட்டம். வில்லையோடு, கடிகாரம் போல் மணிக்கட்டில் கட்டும் கருவி ஒன்றும் தருகிறார்கள். காலில் புண் அல்லது வெடிப்பு உள்ளவர்களுக்கு முன்னுரிமை. இம்முறை எப்படிப் படுக்க வேண்டும் என்பதைத் தமிழில் படம் போட்டு அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தாளை அக்காவிடம்தான் முதலில் காட்டினார்.

"தோ, இத்த அப்பவே குடுத்திருந்தா பிரேம் போட்டு மாட்டியிருப்பனேம்மா" என்றார் அக்கா. கையில் ஒட்டியிருந்த மீன் செதிலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ரவிக்கையின் கையைச் சுருட்டினார். "இந்த வாட்டி வலது கையில ஒட்டு. அந்தப் பக்கம் நான் படுக்கறதில்ல."

கீர்த்தி பலகைக் கணினியில் அக்காவின் எண்ணைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதும்மா. போன தடவை ரிமார்க் அப்படியே இருக்கு."

"நான் வோணாம்னா சொன்னேன்? கைய நீட்டிகினுதான கீறேன்."

கீர்த்தி என்னைப் பார்த்தார். "சார், அந்த லெட்டர் மட்டும்..."

"என்கிட்ட இருக்கு" என்றேன்.

ஷைனி வாசலில் நின்றிருந்தாள். "கொண்டாங்க மாமா, நான் போட்டுக் குடுக்கறேன்" என்றாள். அவள் குரலில் கெஞ்சல் இருந்தது.

அக்கா தன் இடது குதிகாலைப் பார்த்தார். பிறகு ஷைனியைப் பார்த்தார். அதற்குள் நான் உறையைத் தேடி எடுத்து வந்து நின்றேன்.

"ஷைனி, அடுப்புல இன்னாமோ தீயற வாசன வருது, போயிப் பாரு" என்றார். அடுப்பில் ஒன்றுமே இல்லை. ஷைனி உள்ளே போனாள்.

அக்கா ரவிக்கையின் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். "வோணாம்னே எய்திக்கம்மா."

"காரணம் கேக்குதும்மா" என்று கீர்த்தி திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "பயம், வலி தாங்கவில்லை, குடும்பத்தினர் எதிர்ப்பு, கருவி மேல நம்பிக்கை இல்லை. இதுல ஒண்ணு குடுத்தாத்தான் மேல போகும். எது போடட்டும்?"

"எது சின்னதா கீதோ அத்தப் போடு."

கீர்த்தி 'பயம்' என்பதைத் தொட்டார். திரை அடுத்த பெயருக்குப் போனது.